தண்ணீர் குறையும் பழைய கார்: ஹெட் கேஸ்கெட் என்று சொல்லப்பட்ட ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 17 வயதான குடும்பக் கார். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், டைமிங் பெல்ட். மீட்டர் 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவருடைய அம்மா. வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுவது மனைவி. தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் குறுகிய ஓட்டம், மாதம் ஒன்றிரண்டு முறை மலைச்சாலை உள்ள நீண்ட பயணம்.

சிக்கல் சாதாரணமாகத்தான் தொடங்கியது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் நீர்க்கலவை) மட்டம் அவ்வப்போது இறங்கும், நிரப்பிக்கொண்டு ஓட்டினார்கள். சில மாதங்களில் ஏற்றத்தில் வெப்பநிலை முள் நடுக்கோட்டைத் தாண்ட ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். பிறகு தெர்மோஸ்டாட், பிறகு ஃபேன் சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டி சில நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகும். ஒவ்வொரு முறையும் கூலன்ட்டை முழுக்க நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பாகம் மாற்றியதால் வந்த பலன் என்று எல்லோரும் நம்பியது, நிரப்பியதால் கிடைத்த அவகாசம் மட்டுமே.

அடுத்து வேறு பட்டறைக்குப் போனார்கள். அங்கே ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் இளமஞ்சள் நிறத்தில் குழகுழவென்று ஒரு படலம் இருப்பதைக் காட்டி, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகட்டைக் குறை சொன்னார்கள். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க. இந்த வயசு வண்டிக்கு ஹெட்டைக் கழற்றுறது வீண் செலவு. ஓடும்போதே வித்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

கணவர் விற்கும் மனநிலைக்கு வந்துவிட்டார். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. "என்ன போயிருக்குன்னு தெரியாம செலவு பண்றதும் தப்பு, தெரியாம விக்கிறதும் தப்பு" என்பது அவர் சொன்னது. அந்தக் கட்டத்தில்தான் இரண்டாவது கருத்துக்காக வண்டி என்னிடம் வந்தது.

முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவை

மனைவியிடம் ஒரு சிறிய நோட்டு இருந்தது. பெட்ரோல் போட்ட நாள், மீட்டர் எண், பக்கத்திலேயே எப்போது எவ்வளவு கூலன்ட் ஊற்றினார் என்ற குறிப்பு. செலவுக் கணக்குக்காக எழுதிய நோட்டுதான். இதற்கு முன் பார்த்த எந்தப் பட்டறையும் அதைக் கேட்கவில்லை.

அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பள்ளிக்கூட ஓட்டம் மட்டும் இருந்த வாரங்களில் மட்டம் ஏறக்குறைய அசையவில்லை. நீண்ட பயணம் வந்த வாரங்களில் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை போயிருக்கிறது. அதாவது கசிவு நேரத்தைப் பொறுத்தது இல்லை, இன்ஜின் நன்றாகச் சூடாகி, வேகமாகச் சுற்றும் நேரத்தைப் பொறுத்தது.

இன்னும் மூன்று விவரங்களைப் பேச்சுவாக்கில் சொன்னார். நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுவதே இல்லை, ஏற்றத்தில் மட்டும்தான். முள் ஏறும்போது ஹீட்டரைப் போட்டால் வெறும் குளிர்காற்று வருகிறது. ஒருமுறை முள் மேலே போய்விட்டுச் சட்டென்று கீழே விழுந்ததால், சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்.

நிற்கும்போது சூடேறி ஓடும்போது ஆறினால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, சுமை ஏறும்போது சூடானால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை என்று பொருள்: அடைத்த ரேடியேட்டர், பலவீனமான பம்ப், குறைந்த கூலன்ட், அல்லது எரிவாயு (சிலிண்டருக்குள் எரிந்து வரும் புகை) கூலன்ட்டில் கலக்கவிடும் கேஸ்கெட். ஆக ஃபேன் சுவிட்ச் மாற்றியதற்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், ஹீட்டருக்குப் போகும் குழாயில் நீருக்குப் பதில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். முள் சட்டென்று விழுந்ததும் நல்ல செய்தி இல்லை. மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது நீரை விட்டு வெறும் ஆவியின் வெப்பத்தை அளக்கும், காட்டும் எண் குறையும். அந்த ஒரு பயணத்தில் ஹெட் வளையாமல் தப்பியதா என்பதுதான் இந்த வண்டியின் உண்மையான கேள்வி.

சோதிக்கும் முன் வகுத்த எல்லை

கருவியை எடுக்கும் முன் குடும்பத்துடன் உட்கார்ந்து இரண்டு நிபந்தனைகளைப் பேசி வைத்தோம். கூலன்ட்டில் எரிவாயு உறுதியானால் ஹெட்டைக் கழற்றப் போவதில்லை, இருக்கும் நிலையைச் சொல்லியே விற்பது. அடிப்பாகத்தில் சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் துரு ஊடுருவியிருந்தால் இன்ஜின் எப்படி இருந்தாலும் நிறுத்துவது. இரண்டும் இல்லையென்றால் பழுது பார்ப்பது.

முன்கூட்டியே இப்படிப் பேசுவது முக்கியம் என்று நினைக்கிறேன். பாதி கழற்றிய வண்டியின் முன்னால் நின்று யாரும் தெளிவாக யோசிப்பதில்லை. 'இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இன்னும் கொஞ்சம்தானே' என்ற எண்ணம் வந்துவிடும்.

அதனால் முதல் வேலை வண்டியைத் தூக்கி அடியில் பார்ப்பது. தரைத் தகட்டில் மேலோட்டமான துரு, சுரண்டினால் கீழே நல்ல உலோகம். ஒரு பக்கத்துப் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. அது சஸ்பென்ஷன் இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. பின்பக்க பிரேக் குழாய் ஒன்றில் கிளிப் பிடிக்கும் இடத்தில் குழி விழுந்திருந்தது. இது வண்டியை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் உடனே மாற்ற வேண்டியது என்று குறித்துக்கொண்டோம். டயர்களின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. முன் டயர்கள் பரவாயில்லை. பின் டயர்கள் 10 ஆண்டைத் தாண்டியவை. பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேயாமல் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

கேஸ்கெட்டைப் பற்றிய சோதனைகள்

ஆயில் மூடியில் இருந்த படலம் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. குறுகிய ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜினுக்குள் படியும் ஈரம் ஆவியாக நேரம் கிடைப்பதில்லை. அது மூடியின் குளிர்ந்த அடிப்பகுதியில் ஆயிலோடு கலந்து இப்படித்தான் ஒட்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆயில் தேங்கும் அடித்தட்டின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தியபோது முதலில் ஆயில்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. கூலன்ட் ஆயிலுக்குள் போயிருந்தால் அடியில் தேங்கி முதலில் அதுதான் சொட்டியிருக்கும்.

அடுத்து எரிவாயுச் சோதனை. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் குழலில் நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு மேலே தேங்கும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிவாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். திரவத்துக்குள் கூலன்ட் நுழைந்தால் சோதனை கெட்டுவிடும். சும்மா ஓடும்போது நீலம் மாறவில்லை. இதோடு நிறுத்தியிருக்கக்கூடாது, நிறுத்தவும் இல்லை. சிறிய கேஸ்கெட் கசிவு சுமையில்தான் திறக்கும். வண்டியில் கூலன்ட்டை முழுக்க நிரப்பி, அருகிலிருந்த ஏற்றத்தில் சூடாகும்வரை ஓட்டி வந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறவைத்து மறுபடி செய்தோம். அப்போதும் நீலமே.

ஓட்டும்போது கம்ப்யூட்டர் ரீடரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பல கார்களில் மீட்டர் முள் ஏறத்தாழ 80 முதல் 105 டிகிரி வரை ஒரே இடத்தில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள் அசைந்தது என்றாலே ஏற்கெனவே தாமதம். இந்த வண்டியில் முள் நடுவில் இருக்கும்போதே எண் 93-லிருந்து 104-க்கு நிதானமாக ஏறியது. இன்ஜின் சுத்தமாகச் சூடாகியிருந்த அந்த நேரத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாகக் காட்டிப் பார்த்தால், கீழ்ப்பகுதியில் ஒரு பக்கம் முழுக்கக் குளிர்ந்த திட்டு. அங்கே நீர் ஓடவில்லை. ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றியதில் படிந்த உப்புப் பாறை.

கூலன்ட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி. 1.1 பார் மூடி அழுத்தத்தில் அது 130-ஐ நெருங்கும். வெறும் தண்ணீர் அதே மூடியில் 122 அளவில் கொதிக்கும், துருத் தடுப்பும் இருக்காது. அழுத்தமே நிற்காத வண்டியில் இரண்டுக்கும் அந்த மேல்வரம்பு கிடைப்பதில்லை. கசிவு சிறியதாக இருந்தாலும் ஏற்றத்தில் கொதித்தது அதனால்தான்.

அழுத்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. வெதுவெதுப்பான இன்ஜினில் அழுத்தம் ஏற்றி விட்டுவிட்டால், ஆறும்போது அழுத்தம் தானாகவே இறங்கும். கசிவு இல்லாத வண்டியும் கசிவதுபோல் காட்டும். அதனால் நாள் முழுக்க நிறுத்தி முற்றிலும் ஆறிய வண்டியில் மாலையில் 1.0 பார் ஏற்றி இரவு முழுக்க விட்டோம். கால் மணி நேரத்தில் முள் அசையவே இல்லை. காலையில் 0.6. வெளியே ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்த்தோம். நான்கும் உலர்ந்தே இருந்தன. உள்ளே இருக்கைக்கு முன் விரிப்பு காய்ந்திருந்தது, கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு பனிப்படலம் படியும் புகாரும் இல்லை. ஹீட்டர் சுருள் நல்லபடியாக இருந்தது.

மீதி இருந்த ஒரே மறைவிடம் டைமிங் கவருக்கு உள்ளே. மேல் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி டார்ச் அடித்ததும் விடை கிடைத்துவிட்டது. வாட்டர் பம்பின் கீழ்ப்புறத்தில் சீல் தேய்ந்தால் நீரை வெளியே விடுவதற்காகவே ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து பிளாக்கில் இளஞ்சிவப்பு நிறத்தில், உலர்ந்த உப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஓடும்போது கசியும் நீர் சூடான பிளாக்கில் பட்டு ஆவியாகிவிட்டது. எனவே தரையில் எதுவும் சொட்டவில்லை. பெல்ட்டின் விளிம்பிலும் அதே நிறத் தூள். இது தண்ணீர் குறைவதைவிடப் பெரிய ஆபத்து. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும்.

கம்ப்ரஷன்

பம்ப் கிடைத்துவிட்டது என்பதால் ஹெட் நலம் என்று ஆகிவிடாது. பிளக்குகள் நான்கையும் கழற்றி, எரிபொருளையும் ஸ்பார்க்கையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்ததில் 12.5, 12.3, 12.4 பார், நான்காவது சிலிண்டர் மட்டும் 11.0. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தும் எண் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் என்றால் ஏறியிருக்கும். கணவர் இதைப் பார்த்ததும், "அப்போ அவங்க சொன்னது சரிதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் காதைத் தீட்டிக் கேட்டோம். ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழிகூட இல்லை. ஆயில் மூடியில் சத்தமில்லை. சைலன்சர் வாயில் மட்டும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடவில்லை. வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் இல்லாத, திருகு வைத்துச் சரிசெய்யும் பழைய அமைப்பு இது. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். இருக்க வேண்டியது 0.25 மில்லிமீட்டர் என்றால், நான்காவதில் 0.10 தகடுகூடப் போகவில்லை. அந்த வண்டியில் வால்வு இடைவெளியை யாரும் தொட்டதாகவே பதிவு இல்லை. சரிசெய்த பின் அந்தச் சிலிண்டர் 12.1 காட்டியது, சைலன்சரில் சத்தம் நின்றது. வால்வு கருகவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு எல்லைகளும் தாண்டப்படவில்லை. வேலைப் பட்டியல் இப்படி அமைந்தது: வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், அந்தப் பெல்ட்டைத் தாங்கி இறுக்கும் டென்ஷனர், ஐட்லர், புது ரேடியேட்டர், பிரேக் குழாய், பின் டயர்கள். மொத்தச் செலவு, வண்டியைச் சரியான நிலையில் விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியை நெருங்கியது.

கணவருடைய தயக்கம் இந்தக் கணக்கில்தான் இருந்தது. விற்பனை மதிப்போடு பழுதுச் செலவை ஒப்பிடுவது வழக்கம், ஆனால் விற்கப் போகிறவருக்கு மட்டுமே அது சரியான ஒப்பீடு. வைத்துக்கொள்பவர், அதே தொகையைச் சேர்த்துப் போட்டு என்ன வண்டி வாங்க முடியும் என்று பார்க்க வேண்டும். அவர்கள் விலைக்கு எட்டியவை இதைவிட நாலைந்து வயது இளைய, வரலாறு தெரியாத வண்டிகள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்கே தெரியாதவை. அந்தச் செலவுகள் அங்கேயும் வரும். இங்கே குறைந்தபட்சம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ரேடியேட்டரை மருந்து ஊற்றிச் சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்டார்கள். பழைய அலுமினியக் குழாய்களில் பாறைதான் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். கரைத்தால் கசிவு தொடங்கும். கசிவை நிறுத்தும் பொடிகளையும் மறுத்தேன். ஓட்டையை அடைப்பது ஹீட்டர் சுருளையும் அடைக்கும். மூடி, தெர்மோஸ்டாட் இரண்டும் சமீபத்தில் மாற்றியவை. தெர்மோஸ்டாட்டைச் சூடான நீரில் போட்டுப் பார்த்ததில் ஒழுங்காகத் திறந்தது, அதனால் வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு

வேலை முடிந்து அதே ஏற்றத்தில் ஓட்டியபோது எண் 96-ஐத் தாண்டவில்லை. இரவு முழுக்க 1.0 பார் அப்படியே நின்றது.

மூன்றாம் வாரம் வண்டி சாலையோரத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. மனைவி உடனே இன்ஜினை அணைத்துவிட்டார். இன்ஜினுக்குப் பின்னால், ஹீட்டர் ஹோஸ்களை இணைக்கும் பிளாஸ்டிக் துண்டு முறிந்திருந்தது. நல்ல மூடியும் நல்ல பம்பும் வந்த பிறகு அமைப்பு முதல்முறையாக முழு அழுத்தத்தைத் தாங்கியது. அதுவரை கசிந்துகொண்டே இருந்ததால் தப்பிப் பிழைத்த 17 வயது பிளாஸ்டிக்குக்கு அது தாங்கவில்லை. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கணவர் ஹீட்டரையே துண்டித்துவிடலாமா என்று கேட்டார். கண்ணாடியின் பனிப்படலத்தை அகற்றுவதும் ஹீட்டர்தான் என்பதால் வேண்டாமென்றேன். உலோக இணைப்பும் இரண்டு புது ஹோஸும் போட்டதோடு முடிந்தது.

ஓராண்டு கழித்துச் சர்வீஸில் கூலன்ட் மட்டம் குறியிலேயே இருந்தது. கம்ப்ரஷன் நான்கும் 12.1-க்கு மேல். ஆயில் மூடியில் அந்தப் படலம் மறுபடியும் இருந்தது, பள்ளிக்கூட ஓட்டம் மாறவில்லையே.

மாற்றிக்கொண்டவை

எங்கள் பட்டறையில் இப்போது தண்ணீர் குறையும் வண்டி எதுவாக இருந்தாலும், எப்போது குறைகிறது, நிற்கும்போதா ஏற்றத்திலா, ஹீட்டரில் என்ன காற்று என்ற கேள்விகள் எழுதப்பட்டு, அதன் பிறகே பானெட் திறக்கப்படுகிறது. டைமிங் கவரின் மேல்பாகத்தைக் கழற்றிப் பார்ப்பது, கழற்றச் சுலபமான இன்ஜின்களில் எரிவாயுச் சோதனைக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. பத்து வயதைத் தாண்டிய வண்டியில் பம்போ ரேடியேட்டரோ புதிதாகப் போட்டால் பிளாஸ்டிக் இணைப்புகளையும் ஹோஸ்களையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கிறோம். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் சரி, ஆனால் தெரிந்து வேண்டாமென்று சொல்லட்டும்.

குடும்பத்தின் பக்கம் ஒரு மாற்றம். கதவுக்குக் கீழே இருந்த துருவைச் சுரண்டி, தடுப்பு மருந்து பூசி, அதன் எல்லையைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தோம். ஒவ்வொரு சர்வீஸிலும் வண்டியைத் தூக்கும்போது மனைவி அந்த இடத்தைப் படம் எடுத்து, நோட்டில் தேதியும் குறித்துக்கொள்கிறார். துரு கோட்டைத் தாண்டி சஸ்பென்ஷன் இணைப்பு வரை வந்துவிட்டால், அன்றைக்கு இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டியை விட்டுவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.